ஒரே வகுப்பு... மூன்று விதக் குழந்தைகள்! செல்போன் எங்கே கைகொடுக்கும்?

வலையபட்டி போன்ற செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றின் தொடக்கப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்பு. ஒரு குழந்தை கதையைக் கடகடவென்று வாசிக்கிறது. பக்கத்திலிருக்கும் குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. இன்னொரு குழந்தைக்கு எழுத்துகளே இன்னும் பிடிபடவில்லை. மூவருக்கும் ஒரே டீச்சர், ஒரே பாடம்.

பாடம் நகர்ந்துகொண்டே இருக்கும். வாசிக்கத் தெரியாத குழந்தை சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். இப்படியே ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால், கணக்கும் அறிவியலும்கூட அதற்கு எட்டாக்கனிதான்.

இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாடு முன்பே ஒரு வழி கண்டது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-ல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில், பட அட்டைகளைக் கொண்டு ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் படித்தது.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. இதில் குழந்தைகளுக்கு 'அரும்பு', 'மொட்டு', 'மலர்' என மூன்று நிலைகள். குழந்தை சொல்லும் பதில்களை ஆசிரியர் செயலியில் பதிவுசெய்து, யார் எந்த நிலை என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற பயிற்சியைத் தரலாம்.

2018 முதல் நம் பாடநூல்களில் க்யூ.ஆர் கோடும் இருக்கிறது. ஸ்கேன் செய்தால் பாடம் காணொளியாக ஓடும். வாசிக்கத் தடுமாறும் குழந்தை காதால் கேட்கலாம். புரியாவிட்டால், யாரும் கேலி செய்வார்களோ என்ற பயமின்றி பத்து முறைகூடத் திரும்பப் பார்க்கலாம்.

மகாராஷ்டிராவின் பரிதேவாடி கிராமத்து ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசாலே செய்ததும் இதுதான். அங்கே குழந்தைகளின் வீட்டு மொழி கன்னடம். புத்தகமோ வேறு மொழியில். அவர் கன்னடம் கற்று, பாடங்களை மொழிபெயர்த்து, க்யூ.ஆர் கோடு வழியே கதையும் பாட்டுமாகக் கொடுத்தார். 2020-ல் 10 லட்சம் டாலர் உலக ஆசிரியர் பரிசு அவரைத் தேடி வந்தது. அதில் பாதியை இறுதிச்சுற்றுக்கு வந்த மற்ற ஆசிரியர்களுக்கே பகிர்ந்தளித்தார்!

ஆனால், இதற்கு மறுபக்கமும் உண்டு. விவரங்களைப் பதிவேற்றுவதிலேயே நேரம் போய்விடுகிறது என்பது ஆசிரியர் சங்கங்களின் நெடுநாள் புலம்பல். சிக்னல் கிடைக்காத ஊரில் வேலை இரட்டிப்பு. செயலி, பின்தங்கிய குழந்தையை அடையாளம் காட்டும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தொழில்நுட்பமே தின்றுவிடக் கூடாது.

பெற்றோரும் கைகொடுக்கலாம். பல வீடுகளில் பகலெல்லாம் செல்போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு வீடு திரும்பியதும், பாடநூலின் க்யூ.ஆர் கோடை ஸ்கேன் செய்து பத்து நிமிடம் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். "இன்னைக்கு என்ன புரியலை?" என்று கேளுங்கள். வகுப்பில் கேட்கத் தயங்கிய கேள்வி அப்போது வெளியே வரலாம்.