டாக்டர் டு சட்டசபை டு கேன்சர் மருத்துவமனை: ட்ராக் மாறினாரா முத்துலட்சுமி ரெட்டி?

சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்க்க வர்றவங்க பெரும்பாலும் புதுக்கோட்டையைத் தாண்டித்தான் வர்றாங்க. அந்த ஊரில்தான் 1886-ல் முத்துலட்சுமி பிறந்தார். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று டாக்டரானார்.

அதன்பிறகு அவர் ஒரே துறையில் நிற்கவில்லை. ஏன்?

மருந்துச் சீட்டு போதவில்லை

முதலில் அவர் கவனம் பெண்கள், குழந்தைகள் நலம். 1925-ல் அதற்காகவே லண்டன் போய்ப் படித்தார். ஆனால் சின்ன வயசுக் கல்யாணம், அதனால் வரும் பிரசவச் சிக்கல் எல்லாம் மருந்தால் மட்டும் தீராது. 1927-ல் சென்னை மாகாண சட்டசபைக்குள் நுழைந்து, அதன் துணைத் தலைவரும் ஆனார். மாணவிகளுக்கு மருத்துவப் பரிசோதனை, திருமண வயதை உயர்த்துவது, தேவதாசி முறை ஒழிப்பு என அங்கே பேசியதெல்லாம் ஒருவகையில் பொது சுகாதாரம்தான். அவரது தாயார் சந்திரம்மாளும் தேவதாசி சமூகத்தைச் சேர்ந்தவர்.

சட்டம் மட்டும் போதுமா?

அதுவும் போதவில்லை. அந்த முறையிலிருந்து வெளியே வரும் பெண்கள் எங்கே தங்குவார்கள், எப்படிப் படிப்பார்கள்? அந்தக் கேள்விக்குப் பதிலாக உருவானதுதான் அவ்வை இல்லம். தேவதாசி ஒழிப்புச் சட்டம் முழுமையாக வந்தது 1947-ல்தான்.

31 வருடக் காத்திருப்பு

1923-ல் அவரது தங்கை புற்றுநோயால் இறந்தார். இந்த ஊருக்கு ஒரு புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அப்போதே விழுந்தது. ஆனால் 1952-ல்தான் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் வெறும் 12 படுக்கைகளோடு திறந்தது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67.

அப்போ, ட்ராக் மாறினாரா?

பயோடேட்டாவில் பார்த்தால் ஆமாம். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் அவர் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் பெண்ணைக் காப்பாற்ற இன்னும் என்ன குறையுது? பதில் இருந்த இடத்துக்கெல்லாம் அவர் போனார், அவ்வளவுதான்.

இன்றும் சித்தன்னவாசல் பக்கத்து கிராமத்தில் ஒரு கர்ப்பிணி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தால், தகுதி இருந்தால் மகப்பேறு நிதி கிடைக்கும். அந்தத் திட்டத்துக்கு அரசு வைத்திருக்கும் பெயர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.