நீங்க ஹாஸ்டலில்... ஸ்விட்ச் வீட்டில்!

வீட்டிலிருந்து அம்மா போன். ‘‘கீஸரை ஆஃப் பண்ணினேனான்னு ஞாபகமே இல்லடா... நாங்க பஸ் ஏறிட்டோம்!’’ நீங்கள் நிற்பதோ கோவையில், ஹாஸ்டல் மெஸ் கியூவில். ஒரு கையில் தட்டு, மறு கையில் மொபைல். அதில் ஒரு தட்டு தட்டினால், திருநெல்வேலி வீட்டில் கீஸர் ஆஃப்! சூப்பரா இருக்குல்ல? முடியும் பாஸ். ஆனா, எந்த வழியா வீட்டுக்குள்ளே போறீங்க என்பதில்தான் மேட்டரே இருக்கு.

சுலபமான வழி, கடையில் விற்கும் ஸ்மார்ட் ப்ளக். அந்தக் கம்பெனியின் ஆப்பிலேயே எங்கிருந்தும் இயக்கலாம். ஆனால், உங்கள் கட்டளை கம்பெனி சர்வரைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வரும். சர்வர் படுத்தால்? 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் ‘இன்ஸ்டியான்’ சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. கடைசியில் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அந்தக் கம்பெனியை வாங்கி ஓட்ட வேண்டியதாயிற்று!

அதனால்தான் ‘ஹோம் அசிஸ்டென்ட்’டுக்கு இத்தனை ரசிகர்கள். 2013-ல் தொடங்கிய இலவச சாஃப்ட்வேர். ஒரு ராஸ்பெர்ரி பையில் போட்டு வீட்டிலேயே வைத்துவிடலாம். வீட்டு வைஃபைக்குள் ஜோராக ஓடும். தெருமுனை தாண்டினால்தான் சிக்கல்.

‘ரவுட்டர்ல 8123 போர்ட்டைத் திறந்து விடு மச்சி, முடிஞ்சுது’ என்பான் பக்கத்து ரூம் நண்பன். வேண்டாம்! நீங்கள் நுழைய வைத்த வாசலை உலகமே தட்டிப் பார்க்கும். 2016 அக்டோபர் 21-ல் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் திணறின. அதில் பெரும் பங்கு, ‘மிராய்’ தொற்றிய வீட்டு கேமராக்களுக்கும் டி.வி.ஆர். பெட்டிகளுக்கும். கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததுதான் அதற்கு வசதியாகிவிட்டது. மிராயை எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள். அவர்களில் ஒருவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர், சொந்த யுனிவர்சிட்டி சர்வரையே முடக்கிய புண்ணியவான்! 2017 டிசம்பரில் மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நம்ம பாஸ்வேர்டு பக்காவா இருக்கே என்கிறீர்களா? 2023 மார்ச்சில் ஹோம் அசிஸ்டென்ட்டிலேயே, பாஸ்வேர்டு இல்லாமல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை வெளிவந்தது. உடனே அடைத்துவிட்டார்கள். ஆனாலும், போர்ட்டைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்காது.

இன்னொரு காமெடி, பல வீடுகளில் போர்ட்டைத் திறந்தாலும் வேலை செய்யாது. ஐ.பி. முகவரிகளுக்குப் பஞ்சம் என்பதால், ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகின்றன நெட் கம்பெனிகள். ரவுட்டரில் ‘வான் ஐ.பி.’யைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் ஆரம்பித்தால் நீங்களும் அந்தக் கூட்டுக்குடும்பம்தான்.

சரி, என்னதான் வழி? ‘டெய்ல்ஸ்கேல்’. ‘வயர்கார்ட்’ அடிப்படையில் இயங்கும் வி.பி.என்., சொந்த உபயோகத்துக்கு இலவசம். ஹோம் அசிஸ்டென்ட்டில் அதை ஆட்-ஆனாகப் போடுங்கள். மொபைலிலும் போட்டு, ஒரே அக்கவுன்ட்டில் நுழையுங்கள். இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே பேசிக் கைகோத்துக்கொள்வதால், போர்ட் எதையும் திறக்க வேண்டாம். கூட்டுக்குடும்ப முகவரியும் தடையில்லை. டெய்ல்ஸ்கேல் தரும் முகவரியையே ஹோம் அசிஸ்டென்ட் ஆப்பில் கொடுத்து, வி.பி.என்.னை எப்போதும் ஆனில் விட்டுவிட்டால், வீட்டு வைஃபையோ ஹாஸ்டல் டேட்டாவோ ஆப்புக்கு ரெண்டும் ஒண்ணுதான். அந்த அக்கவுன்ட்டுக்கு இரட்டைப் பூட்டு போட மறக்காதீங்க!

கரன்ட் போனால் இதெல்லாம் அம்பேல் என்பதால், ரவுட்டரையும் பையையும் யு.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள். 2,000 வாட் கீஸர் 8.7 ஆம்பியர் இழுக்கும். எனவே 16 ஆம்பியர் ஸ்விட்ச்தான், அதுவும் எலெக்ட்ரீஷியன் கையால். முக்கியமாக, கரன்ட் திரும்பி வரும்போது ஸ்விட்ச் ‘ஆஃப்’ நிலையில் இருக்கும்படி செட் பண்ணுங்கள். இல்லாவிட்டால் நடுராத்திரியில் மோட்டார் தானாக ஓடி, தண்ணியில்லாத போர்வெல்லில் காயில் கருகும்.

ஹால் கேமராவையும் இதில் சேர்க்கும் ஐடியா இருந்தா, மொதல்ல அம்மாகிட்ட கேட்டுடுங்க. ‘நைட்டியோட நடமாடுற இடத்துல கேமராவா?’ன்னு விழும் திட்டுக்கு எந்த வி.பி.என்.னும் காப்பு கிடையாது!