பால்மணம் மாறாப் பருவமும் இறப்புக் கணக்கும்

பிள்ளைத்தமிழில் காப்புப் பருவத்தைக் குழவியின் மூன்றாந் திங்களில் வைப்பது மரபு. செங்கீரை, தால், சப்பாணி எனத் தொடர்ந்து முத்தப் பருவம் பதினோராந் திங்களில் வரும். மக்கட்கணக்கு நூலார் சிசு மரணம் என்று கணக்கிடுவதும் ஏறக்குறைய இக்காலத்தையே. உயிருடன் பிறந்த 1000 குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் இறப்போர் எத்தனை பேர் என்பது அக்கணக்கு. மலாயா விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டில் அவ்வெண் ஏறத்தாழ 75. அண்மை ஆண்டுகளில் மலேசியாவில் அஃது 6, 7 என்ற அளவில் நிற்கிறது.

ஓராண்டு என்று ஒரே சொல்லால் கூறினும் அது முழுதும் ஒரே தன்மையுடையதன்று. முதல் 28 நாளில் நேரும் இறப்புக்குக் குறைமாதப் பிறப்பு, எடைக்குறைவு, பேற்றின்போது மூச்சுத் திணறல், பிறவிக் குறை முதலியன காரணமாகும். அதன்பின் வயிற்றுப்போக்கு, மார்ச்சளி முதலிய தொற்றுநோய்கள் வந்து சேரும். முன்னதைத் தடுக்க மருத்துவச்சியும் மருத்துவமனையும் வேண்டும். பின்னதோ பெரும்பாலும் வீட்டையும் தண்ணீரையும் பாலையும் பொறுத்தது.

புக்கிட் மெர்தாஜாமைச் சூழ்ந்த செபராங் பிறைப் பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புக்கும் பின்னர் ரப்பருக்கும் தமிழ்த் தொழிலாளரை ஈர்த்த நிலம். ஆல்மா போன்ற தோட்டப் பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் வாழ்கின்றன. வெயில் ஏறுமுன்னரே ரப்பர்ப்பால் நன்கு வடியும். ஆதலின் விடியுமுன் பிரட்டுக்குச் சென்ற தாய் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்றாள். வேலை முடிந்து அவள் திரும்பும் வரை குழந்தைக்கு முலைப்பால் இல்லை. டின் பாலும் கிடைத்த நீருமே உணவு. மரத்தின் பாலுக்காக மகவின் பால் காத்திருந்தது எனலாம்.

இத்தகைய நிலையைக் குறித்து முதலில் உரத்துப் பேசியவர்களுள் ஒருவர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்' என்பது. இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தைக்கு ஏற்றதெனப் பரப்புவதால் நேரும் இறப்பைக் கொலையாகவே கருதவேண்டும் என்றார். கடுஞ்சொல் போலத் தோன்றினும், பிற்கால ஆராய்ச்சி அவர் அச்சத்துக்கு வலுவூட்டியது.

1976, 77-இல் மலேசியத் தீபகற்பத்தில் 1,200-க்கு மேற்பட்ட தாய்மாரிடம் அவர்கள் பெற்ற பிள்ளைகள் அனைவரையும் பற்றி வினவித் தகவல் திரட்டப்பட்டது. அதை ஆராய்ந்த டாவன்சோ, ஹாபிக்ட், பட்ஸ் ஆகியோர் கண்டது கூர்ந்து நோக்கத்தக்கது. குழாய்நீரும் கழிப்பிடமும் இல்லாத வீடுகளில் தாய்ப்பால் அளித்த காப்பு மிகப் பெரிது. அவ்வசதிகள் உள்ள வீடுகளில் அக்காப்பின் வேறுபாடு குறைவு. அழுக்கு நீரில் கலக்கிய புட்டிப்பாலே நோய்க்கு வாயில் என்பது இதனால் விளங்கும். இன்னும் ஒன்று: 1946 முதல் 1975 வரை நீரும் கழிப்பிடமும் சீர்பட்டதால் விளைந்த நன்மையை, அதே காலத்தில் தாய்ப்பாலூட்டல் குறைந்ததால் வந்த தீமை விழுங்கி, அதற்கு மேலும் சென்றது. அவ்வாறிருந்தும் இறப்பு குறைந்தது எவ்வாறெனின், தாயின் கல்வி உயர்ந்தது ஒரு பெருங்காரணம். எழுத்தறிந்த தாய் நோயின் குறியை விரைந்து உணர்வாள் என்பதை ஆசிரியர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு பேற்றுக்கும் அடுத்த பேற்றுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகின், பிறக்கும் குழந்தைக்கு ஆபத்து மிகும் என்பதும் அவ்வாராய்ச்சி காட்டியதே.

விடுதலைக்குப்பின் கிராமங்களில் 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம் என்ற அளவில் அரசு திட்டம் வகுத்தது. தோட்டங்களோ தனியார் நிலம். அங்கு மருந்தும் மருத்துவமும் பெரும்பாலும் நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டன. லயத்து வீட்டுக்குக் குழாய்நீர் வேண்டும், பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்பனவற்றையும் சட்டத்தால் வற்புறுத்த வேண்டியிருந்தது; 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் அத்தகையது.

பால்மாவு விளம்பரத்துக்கு மலேசியா 1979-இலேயே நெறிமுறை வகுத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை வந்தது 1981-இல். தாய் வேலைக்குத் திரும்பும் நாளோ மெதுவாகவே தள்ளிச் சென்றது. 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு 2023 சனவரி முதல் 98 நாளாயிற்று. தாய்ப்பால் மட்டுமே ஊட்ட வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறும் காலம் ஆறு திங்கள்.