குழாயைப் பார்க்காதீங்க... காலைப் பாருங்க!

கொல்லிமலை ராத்திரி வானத்தைப் பார்த்துட்டு, 'மச்சி, இதை போட்டோ எடுத்தே ஆகணும்டா'ன்னு கிளம்புற ஆளா நீங்க? பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாஸ்!

நாங்க நாலு பேர் எட்டு மாசம் காசு சேர்த்து ஒரு டெலஸ்கோப் வாங்கினோம். பெரிய கண்ணாடி, நீளக் குழாய், மோட்டார் இல்லாத ஸ்டாண்டு. நிலா சூப்பர், சனி வளையம் சூப்பர். கேமராவை மாட்டி ஓரியன் நெபுலாவை எடுத்தா... நட்சத்திரமெல்லாம் கோடு கோடா இழுத்துக்கிட்டு நிக்குது! எட்டு மாச சேமிப்பு போட்ட கோலம்.

காரணம் சிம்பிள். பூமி மணிக்கு 15 டிகிரி சுத்துது. நெபுலா, கேலக்ஸி எல்லாம் ரொம்ப மங்கல். ஷட்டர் நிமிஷக்கணக்கில் திறந்திருக்கணும். அதுவரைக்கும் டெலஸ்கோப்பை வானத்தோடவே திருப்புற 'ஈக்வடோரியல் மவுன்ட்' வேணும். பட்ஜெட்டில் பாதிக்கு மேல அதுக்கே ஒதுக்குங்க. குழாய்க்கு 60 முதல் 80 மில்லிமீட்டர் ரிஃப்ராக்டர் போதும். நட்சத்திரத்தைச் சுத்தி ஊதா வளையம் விழாம இருக்க 'ஈ.டி.' லென்ஸா கேளுங்க. ஆண்ட்ரோமீடா கேலக்ஸி ஆறு முழு நிலா அகலம். நீளக் குழாயில் அது ஃப்ரேமுக்குள்ளேயே அடங்காது!

நம்ம ஊருக்குன்னே ஒரு உஷார். மவுன்ட்டோட அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கி இருக்கணும். சேலம், நாமக்கல்லில் அது அடிவானத்துக்கு மேல 11, 12 டிகிரிதான். ஐரோப்பா மாதிரி இடங்களில் அது ரொம்ப உயரத்தில் இருக்கும். அதை மனசில் வெச்சு செஞ்ச சில மவுன்ட்டுகள் இவ்வளவு கீழே குனியாது. இல்லேன்னா எடைக்கல் ஸ்டாண்டு காலில் இடிக்கும். கடைக்காரர்கிட்ட முதல் கேள்வியே, "11 டிகிரிக்கு இறங்குமாண்ணா?"

சின்னதை வெச்சு என்ன சாதிக்கறதுன்னு கேட்கறீங்களா? ஜவ்வாது மலையில் இருக்கற காவலூரைக் கேளுங்க. அங்கே 1986-ல 2.34 மீட்டர் ராட்சச டெலஸ்கோப் வந்தாச்சு. ஆனா, 1988-ல ஆர்.ராஜமோகன் கண்டுபிடிச்ச '4130 ராமானுஜன்' சிறுகோளைப் பிடிச்சது, அதே மலையில் இருந்த 45 சென்டிமீட்டர் ஷ்மிட் டெலஸ்கோப். காரணம், வானத்தை அகலமா படம் எடுக்கறதுதான் அதோட வேலையே!

எங்க பெரிய குழாயை விற்கலை. மொட்டை மாடியில் நிலா பார்க்க ஜூனியர்ஸ் க்யூவில் நிக்கறாங்க. அடுத்த உண்டியல்? மவுன்ட்டுக்குத்தான்!