மணம் போகும், நஞ்சு போகாது

சாக்கின் வாயை அவிழ்த்ததும் ஒரு பிடி தானியத்தை அள்ளி மணந்து பார்ப்பது எங்கள் அம்மம்மாமாரின் பழக்கம். பூஞ்சண மணம் வந்தால் படங்கை விரித்து வெயிலில் பரப்பி விடுவார்கள். பின்னேரம் மணம் போய்விடும். தானியமும் திரும்பச் சாக்குக்குள் போய்விடும். வன்னியில் பெண்கள் சங்கங்களிலே தானியம் களஞ்சியப்படுத்துவது பற்றிப் பேசப் போகும்போது, "மணம்தானே பிள்ளை, வெயில் பட்டால் போயிடும்" என்று யாராவது ஒரு அம்மா சொல்லாமல் நான் திரும்பியதில்லை. இந்தப் பழக்கத்தில் பாதி சரி; மற்றப் பாதி ஆபத்தானது.

பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியுமுன்பே பல வேளைகளில் மூக்குக்குத் தெரிந்துவிடும். பங்கசு தானியத்தைத் தின்று வளரும்போது எளிதில் ஆவியாகும் பொருட்களை வெளிவிடுகிறது. காளானுக்குரிய மணத்தைத் தரும் 1-ஒக்டின்-3-ஓல் அவற்றில் ஒன்று. முதல் மழைக்கு எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினையும் சில பங்கசுகள் உண்டாக்கும். இந்த ஆவிகளை உணரிகளால் பிடித்தறியும் 'இலத்திரனியல் மூக்கு' 1982 இல் இங்கிலாந்தின் வோரிக் பல்கலைக்கழகத்தில் உருவானது. 2002 இல் சுவீடன் ஆய்வாளர்கள் பார்லித் தானியத்தின் மணத்தைக் கொண்டே அதில் பங்கசு நஞ்சு கூடவா குறைவா என்பதைப் பெரும்பாலும் சரியாகப் பிரித்தார்கள். நமது பாட்டிமாரின் மூக்கை ஆய்வுகூடமும் மதித்திருக்கிறது என்பதில் எனக்குச் சிறு பெருமைதான்.

ஆனால் மணப்பது பங்கசின் மூச்சு, நஞ்சுக்கு மணமில்லை. கச்சான், சோளம், கொப்பரா ஆகியவற்றில் 'அஸ்பர்ஜிலஸ் பிளேவஸ்' என்ற பங்கசு உண்டாக்கும் அப்லடொக்சின் காற்றோடு போவதில்லை. அவித்தாலும் வறுத்தாலும் முற்றாக அழிவதில்லை. வெயிலில் காய்ந்து மணம் போன தானியத்திலும் அது அப்படியே கிடக்கும். மணம் இருந்தால் எச்சரிக்கை. மணம் இல்லாவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை.

2004 இல் கென்யாவின் மக்குவேனி, கிட்டுயி மாவட்டங்களில் ஈரத்தோடு வீட்டில் வைத்த சோளத்தைச் சாப்பிட்டு 317 பேர் நோயுற்றார்கள். 125 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் அவர்கள் தாங்களே விளைவித்த சோளம். சிறு அளவில் நெடுங்காலம் உடலில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய் வரலாம். ஈரலழற்சி பி உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நமது நாட்டிலும் 2021 மார்ச்சில், இறக்குமதியான தேங்காயெண்ணெயில் இந்த நஞ்சு கண்டறியப்பட்டுப் பெரிய பிரச்சினையானது நினைவிருக்கும்.

சாக்குக்குள் முகத்தை வைத்து மணக்காதீர்கள். பங்கசின் வித்துத் தூள் நெஞ்சுக்குள் போகும். தொய்வு உள்ளவர்கள் கிட்டவே போகக்கூடாது. வாயைத் துணியால் மூடிக்கொண்டு சாக்கைத் திறந்தாலே போதும், மணம் தானாக வரும்.

அதைவிட நல்லது ஈரத்தை முதலே பிடிப்பது. ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு சோளமும் ஒரு மேசைக்கரண்டி நன்கு காய்ந்த உப்பும் போட்டு, மூடி, ஒரு நிமிடம் குலுக்கிக் கால் மணித்தியாலம் வையுங்கள். உப்பு போத்தலின் பக்கங்களில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் இன்னும் கொஞ்சம் காயவிடுங்கள். சோளம் 13 சதவீதத்துக்கு வந்தால்தான் பயமில்லாமல் வைக்கலாம். கச்சானைக் கோதோடு காதருகே குலுக்கினால் பருப்பு கலகலக்க வேண்டும். உடைத்த பின் சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் சுளகில் தெரிந்து எறியுங்கள். கச்சானில் நஞ்சு பெரும்பாலும் சில பருப்புகளிலேயே குவிந்திருக்கும். எனவே இந்தத் தெரிதல் வீண் வேலையல்ல.

தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் ஒருத்தியிடம், இருக்கும் ஒரே சாக்குச் சோளத்தைக் கொட்டு என்று சொல்ல எனக்கும் நா எழுவதில்லை. "அப்ப கோழிக்குப் போடட்டா?" என்று கேட்பார்கள். இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டதே பறவைகளால்தான். 1960 இல் இங்கிலாந்தில், பிரேசிலிலிருந்து வந்த கச்சான் பிண்ணாக்கைத் தின்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. மாட்டுக்குப் போட்டால் பாலில் வரும். குழி வெட்டிப் புதைப்பதுதான் வழி.

ஒரு முழுச் சாக்கு அந்த நிலைக்குப் போகாமலிருக்க அறுவடைக்கு முன்பே படங்கு வேண்டும். ஒரு குடும்பத்தால் வாங்க முடியாவிட்டால் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி, முறை வைத்துக் காயவிடலாம். சாக்குகளை மண்ணில் வைக்காமல் மரக்கட்டைகளின் மேல், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள்.