வீட்டு மின்சுற்று முறிப்பான்

மின்சுற்று முறிப்பான் என்பது கம்பியில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் சாதனம். எம்.சி.பி. என்று எல்லோரும் அழைக்கும் இதன் சிறிய வடிவத்துக்கு 1924-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹியூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் காப்புரிமை பெற்றது. அதற்கு முன் இருந்தது பியூஸ் எனப்படும் மின் உருகி. பியூஸ் போனதும் கைக்குக் கிடைத்த தடித்த கம்பியைக் கட்டையில் சுற்றிவிடும் வழக்கத்தால் அதன் பாதுகாப்பு பல வீடுகளில் பெயரளவில்தான் இருந்தது. உருக வேண்டிய கம்பி உருகாவிட்டால் சுவருக்குள் இருக்கும் கம்பி சூடாகும்.

2004 சனவரி 23 அன்று திருச்சிராப்பள்ளி, திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் நேர்ந்த தீ விபத்தில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடியோ விளக்குக்குச் சென்ற கம்பியில் ஏற்பட்ட மின்கோளாறே தொடக்கம் எனக் கூறப்பட்டது. மாடியில் போடப்பட்டிருந்த கீற்றுக் கொட்டகையில் தீ பற்றிப் பரவியது.

இத்தகைய விபத்துகளுக்கெல்லாம் நாளிதழ்கள் "மின்கசிவு" என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகின்றன. இது குழப்பம் தருவது. பேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் நேராகத் தொட்டுக்கொள்வது குறுக்குச் சுற்று. மின்னோட்டத்தின் ஒரு பகுதி ஈரச் சுவர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ நிலத்துக்குச் செல்வதே உண்மையான கசிவு. இரண்டுக்கும் வேண்டிய சாதனங்கள் வேறு.

எம்.சி.பி.க்குள் இரண்டு அமைப்புகள் உள்ளன. ஒன்று ஈருலோகப் பட்டை. மின்னோட்டம் மிகும்போது அது சூடாகி வளைந்து, விசையைத் தட்டிவிடும். இது மெதுவானது, 10 ஆம்பியர் எம்.சி.பி.யில் 14.5 ஆம்பியர் பாய்ந்தால் துண்டிக்க ஒரு மணி நேரம் வரைகூட ஆகலாம். மற்றொன்று மின்காந்தச் சுருள். குறுக்குச் சுற்றில் மின்னோட்டம் பல மடங்கு தாவும்போது இது நொடியின் நூறில் சில பங்குக்குள் துண்டித்துவிடும். 'பி' வகை 3 முதல் 5 மடங்கிலும், 'சி' வகை 5 முதல் 10 மடங்கிலும் உடனே செயல்படும். தண்ணீர் மோட்டார் கிளம்பும் நொடியில் அதிக மின்னோட்டம் இழுப்பதால் அதற்குச் 'சி' வகை பொருத்தப்படுகிறது.

ஆனால் மனித உயிரைப் பறிக்க 0.1 ஆம்பியர்கூடப் போதும். 10 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது கணக்கிலேயே வராது. அங்கே உதவுவது ஆர்.சி.சி.பி. பேஸில் செல்லும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாக உள்ளனவா என்று ஒரு வளையச் சுருள் மூலம் இது ஒப்பிடுகிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 நொடிக்குள் துண்டிக்கிறது. குளியலறை ஹீட்டர், வாஷிங் மெஷின் உள்ள வீட்டில் இது இல்லாதது பெரிய குறை. அதிலுள்ள 'டி' பொத்தானை அவ்வப்போது அழுத்திச் சோதிக்க வேண்டும்; பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை.

முறிப்பான் காப்பது தனக்குப் பொருத்தமான கம்பியை மட்டுமே. 1000 வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் எடுக்கும். நான்கு விளக்குகளை ஒரே மெல்லிய கம்பியில் மாட்டினால் 17 ஆம்பியருக்கு மேல் பாயும். அந்தக் கம்பி 32 ஆம்பியர் எம்.சி.பி.யில் இணைந்திருந்தால், அது உருகும்வரை முறிப்பானுக்கு எதுவும் தெரியாது. "அடிக்கடி ட்ரிப் ஆகிறது" என்று கம்பியை மாற்றாமல் பெரிய எம்.சி.பி. போடும் வீட்டிலும் இதுவே நிலை. தளர்ந்த இணைப்பில் பறக்கும் தீப்பொறியையும், ஓலையருகே கொதிக்கும் விளக்கையும் எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டுமே அறியா. தற்காலிகக் கம்பிகளைச் செல்லோ டேப் சுற்றி இணைக்காமல், உரிய தடிமனுள்ள கம்பியைத் தனி எம்.சி.பி.யிலிருந்து இழுப்பதே இதற்கு வழி.