தீராத வண்ணங்கள் – 7: கோபுரப் படியில் ஒரு பிரிவு

சென்ற வார ஓவியத்தில் பார்த்த ஒஃபீலியாவின் முகம் நம்மை விட்டுப் போக நாளாகும். இந்த வாரம், முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒருத்தி.

இருபது வயதில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கில இதழ் ஒன்றுக்குள் அவள் இருந்தாள். படத்துக்குக் கீழே பெயர் இருந்த பகுதி கிழிந்துபோயிருந்தது. வரைந்தவர் யார், கதை என்ன, எதுவும் தெரியாது. ஆனாலும் அந்தத் தாள் ஐந்து வீடுகள் மாறியும் என்னோடு வந்தது. பெயர் தெரியவந்தது வெகுகாலம் கழித்துத்தான்: ‘ஹெல்லெலிலும் ஹில்டெபிரான்டும்: கோபுரப் படிக்கட்டில் சந்திப்பு’. அயர்லாந்துக்காரரான ஃபிரெடெரிக் வில்லியம் பர்ட்டன் 1864இல் வரைந்தது.

குறுகலான, சுழன்று ஏறும் கல் படிக்கட்டு. இரண்டு பேர் ஒதுங்கிப் போகக்கூட இடமில்லை. அவன் இரும்பு வளையங்களால் பின்னிய கவசம் அணிந்த வீரன். அவள் ஆழ்ந்த நீல அங்கி உடுத்தியவள். இருவரும் எதிரெதிரே வந்து, கடந்து போகிற அந்த ஒரு கணம். அவள் நிற்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னால் தங்கிவிட்ட அவளுடைய ஒரு கையை அவன் பற்றி, முகத்தை அதில் புதைத்துக்கொள்கிறான். கண்ணும் கண்ணும் சந்திக்கவே இல்லை. உதடு தொட்டது உதட்டை அல்ல, சட்டைக் கையை. படியில் பூவிதழ்கள் உதிர்ந்து கிடக்கின்றன.

அவ்வளவுதான் படம். அந்தக் கையை மட்டும் பாருங்கள். உடம்பு போக நினைக்கிறது, கை போகவில்லை. நான் அந்தத் தாளில் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான்.

கதை டென்மார்க்கின் பழைய நாட்டுப்பாடல் ஒன்றில் வருகிறது. இளவரசி ஹெல்லெலில் தன் மெய்க்காவலன் ஹில்டெபிரான்டைக் காதலிக்கிறாள். தந்தைக்குப் பிடிக்கவில்லை, ஏழு மகன்களையும் அவனைக் கொல்ல ஏவுகிறார். சண்டையில் தந்தையும் ஆறு அண்ணன் தம்பிகளும் அவன் வாளுக்கு இரையாகிறார்கள். கடைசித் தம்பியையாவது விட்டுவிடு என்று அவள் கெஞ்சுகிறாள். தம்பி பிழைக்கிறான், காயம்பட்ட ஹில்டெபிரான்ட் இறக்கிறான். சில நாளில் அவளும் போய்விடுகிறாள். முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டு அழுதவர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வேறு ஓவியர் கையில் கிடைத்திருந்தால் வாளும் ரத்தமும் ஏழு பிணங்களுமாக ஆளுயரத் திரையை நிரப்பியிருப்பார். பர்ட்டன் அத்தனையையும் தள்ளிவைத்துவிட்டு, எல்லாம் நடப்பதற்கு முந்தைய ஒரு பிரிவை எடுத்துக்கொண்டார். விக்டோரியா காலத்துக் காதல் ஓவியங்களை மிகை உணர்ச்சி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. பல படங்களுக்கு அது பொருந்தவும் செய்யும். இந்தப் படத்துக்குப் பொருந்தாது. காதல் மொத்தத்தையும் ஒரு முழங்கைக்குள் அடக்கிக் காட்டிய படத்தில் மிகை எங்கே இருக்கிறது? நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட், கொஞ்சம் தவறினாலும் மலிந்துபோயிருக்கக்கூடிய ஒரு காட்சியை இவர் உன்னதமாக்கிவிட்டார் என்று வியந்து எழுதினார். எனக்கும் அதுவே முடிவான தீர்ப்பு.

அந்த டேனிஷ் பாடலை 1855இல் ஆங்கிலத்தில் தந்தவர் பர்ட்டனின் நண்பர் விட்லி ஸ்டோக்ஸ். இந்தப் பெயரைக் கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1862இல் இந்தியாவுக்கு வந்து நம் சென்னையில் சட்டத் தொழில் செய்தவர், பிறகு வைஸ்ராய் கவுன்சிலில் சட்ட உறுப்பினரானவர். நாம் வீடு வாங்கும்போதும் விற்கும்போதும் இன்றைக்கும் துணைக்கு வருகிற 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பர்ட்டன் லண்டனில் இந்தப் படிக்கட்டை வரைந்துகொண்டிருந்த காலத்தில், பாடலைக் கொடுத்தவர் இந்தியாவில் இருந்தார். அவருடைய சகோதரி மார்கரெட் ஸ்டோக்ஸ் 1900இல் தன் உயில் வழியாக இந்த ஓவியத்தை டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசியக் கலைக்கூடத்துக்குச் சேர்த்தார்.

ஒருமுறை அங்கே போகும் வாய்ப்பு கிடைத்தது. சுவரில் இருந்தது மூடிய அலமாரி. எண்ணெய் வண்ணம் போலத் தோன்றினாலும் இந்த ஓவியம் காகிதத்தில் வரைந்த வாட்டர் கலர். வெளிச்சம் படப்பட நிறம் வெளுக்கும், வெளுத்தது திரும்பாது. அதனால் வாரத்தில் ஓரிரு மணி நேரம் மட்டுமே திறக்கிறார்கள். ஊழியர் ஒருவர் வந்து கதவுகளை விலக்கியதும், காத்திருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். சுமார் 95 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலம். நான் மனதில் வைத்திருந்ததைவிடச் சின்னது. ஆனால் அந்த நீலம்! முப்பது ஆண்டுகளாக என்னிடம் இருந்த தாளில் அது சாயம்போன பழைய புடவையின் நிறம். இங்கே அது இரவு வருவதற்கு முந்தைய வானம். கவசத்தின் வளையங்களைச் சின்னஞ்சிறு தூரிகைத் தீற்றல்களால் பொறுமையாக எழுப்பியிருக்கிறார். நேரம் முடிந்து கதவு மூடியபோது, ஒரு வீட்டில் விளக்கை அணைத்ததுபோல இருந்தது.

பர்ட்டன் 1874இல் லண்டன் தேசியக் கலைக்கூடத்தின் இயக்குநரானார். அதன்பின் 20 ஆண்டுகள் பிறர் ஓவியங்களைத் தேடித் தேடி வாங்கினார். டாவின்சியின் ‘பாறைகளின் கன்னி’, ஹோல்பைனின் ‘தூதர்கள்’ எல்லாம் அவர் காலத்தில் அங்கே வந்தவை. சொந்தத் தூரிகையை அவர் மறுபடி எடுக்கவில்லை. எனக்கு அது இன்னும் வருத்தம்தான்.

2012இல் அயர்லாந்து மக்கள் வாக்களித்துத் தங்கள் மனங்கவர்ந்த ஓவியமாக இந்தப் படிக்கட்டுப் படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். டப்ளின் போகிறவர்கள், அலமாரி எந்த நாளில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். நிரந்தரக் காட்சிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.